இடுப்பு போனால் சர்வீஸும் போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பி.எஃப். பென்ஷன் கட்டுரை குறைந்தபட்சத் தொகையைப் பற்றியே பேசி முடித்துவிட்டது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாய் எந்த மூலைக்கும் காணாது, சரி. ஆனால் பென்ஷன் வயதான 58 வரை வேலை பார்க்க முடியாமல் போனவர்கள் அந்தக் கட்டுரையில் எங்குமே இல்லை. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில், வருகைப் பதிவைப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவன் நான். அப்படிப்பட்டவர்களின் படிவங்களைத்தான் அதிகம் நிரப்பியிருக்கிறேன்.

பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பான 15,000 ரூபாயில் 8 வருடம் வேலை பார்த்தவர் முற்றிலும் முடங்கிப்போனால், மாதம் 1,714 ரூபாய். மற்றவர்களுக்குக் கட்டாயமான 10 வருட சர்வீஸ் நிரந்தர முழு ஊனத்துக்குத் தேவையில்லை என்பது நல்ல விதிதான். ஆனால் அவர் உழைக்க முடியாமல் போன மிச்ச வருடங்களுக்குக் கணக்கில் இடமே கிடையாது.

பாதி முடங்கியவர் பாடு இன்னும் மோசம். பிரஸ் மெஷினில் கட்டைவிரல் போனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க வரும். விலைவாசியைப் பார்த்து அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். (பி.எஃப். பென்ஷனுக்குப் பஞ்சப்படி என்று ஒன்று கிடையாது.) வருடக்கணக்கில் இரும்பு தூக்கி இடுப்பு போனவருக்கு என்ன வழி? அது விபத்து இல்லை, முழு ஊனமும் இல்லை. கணக்கை முடித்துக்கொண்டு ஏதாவது அபார்ட்மென்டில் வாட்ச்மேனாகப் போவார். அங்கே பெரும்பாலும் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். சர்வீஸ் அன்றோடு நின்றுவிடும். கஷ்டம் தாங்காமல் 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே பென்ஷன் கேட்டால், 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. அப்புறம் அந்த வெட்டு கடைசிவரை தொடரும்.

ஜெர்மனியில் தினம் 3 மணி நேரம்கூட வேலை செய்ய முடியாதவருக்கு முழு ஓய்வூதியம். 3 மணி நேரத்துக்கு மேல், ஆனால் 6 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் பாதி. அதோடு, உடம்பு விட்டுப்போன பிறகும் அவர் உழைத்துக்கொண்டே இருந்ததாக வருடங்களைச் சேர்க்கிறார்கள். 2014-இல் 62 வயது வரை சேர்த்தார்கள், 2019-இல் அதை 65 வயது 8 மாதம் ஆக்கினார்கள். அவர்களைப் போல நம்மிடம் பணமில்லை என்பார்கள். இருக்கட்டும், பாதி ஊனம் என்ற ஒரு படியையாவது பி.எஃப். பென்ஷனில் வைக்கலாமே.

இங்கே ஆய்வு செய்பவர்கள் ஓய்வூதியத்தைத் தனியாகவும் ஊனத்தைத் தனியாகவும் பார்க்கிறார்கள். 58-க்கு முன் பென்ஷன் வாங்கியவர்களில் எத்தனை பேர் உடம்பு முடியாமல் வாங்கினார்கள் என்று யாராவது எண்ண வேண்டும். பி.எஃப். கணக்கு நின்ற தேதிகளை இ.எஸ்.ஐ. மருத்துவப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்,
அம்பத்தூர்.