அந்தக் கூடையை யார் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, எங்கள் ஊர்ப்பக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்ற ஆசையில். இரண்டாம் தடவை, நான் படித்தது சரிதானா என்று பார்க்க. ‘வறுமை இவர்களின் புன்னகையைத் தொடவே இல்லை’ என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். நல்ல தமிழ். காலையில் தோட்டத்தில் இறங்கி மாலை ரயிலில் கொழும்பு திரும்புகிறவருக்கு வேறென்ன கண்ணில் படும்? கமராவை நீட்டினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

கட்டுரையோடு நீங்கள் போட்ட, பிரம்புக் கூடை சுமந்த கொழுந்துக்காரியின் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரம்புக் கூடையோடு ஒரு கொழுந்துக்காரியைப் பார்த்து எனக்கு வருடங்கள் ஆகின்றன. இப்போது முதுகில் தொங்குவது பிளாஸ்டிக் சாக்கு. இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருப்பார்கள். உள்ளே உடுத்தியிருப்பது என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. உங்கள் படத்துப் பெண்ணோ நகைக்கடை விளம்பரத்துக்கு நிற்பவள்போல் சிவப்புச் சேலையில் நிற்கிறாள். அந்தக் கூடையை யார் கொடுத்தது? நீங்களா, தோட்ட நிர்வாகமா?

அலங்காரம்தானே என்று விட்டிருப்பேன். திங்கட்கிழமை எங்கள் தொடர்மாடிக் கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். “பார்த்தீர்களா டீச்சர், கையில் காசில்லாவிட்டாலும் உங்கள் ஆட்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்! பிறகு எதற்குச் சம்பளம், சம்பளம் என்று சண்டை?” அவர் கெட்டவர் அல்லர். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து அனுப்புகிறவர். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குப் போய் வந்திருக்கிறார், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர் அறிந்த மலையகம் நீங்கள் சொன்ன மலையகம். அதில் சிரிப்பு இருந்தது, சம்பளம் இல்லை.

ஒரு முழுப்பக்கத்தில் நாட்சம்பளம் எவ்வளவு என்று ஓரிடத்திலாவது எழுதக் கூடாதா? 1000 ரூபாய்க் கோரிக்கை வருடக்கணக்கில் இழுபட்டு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது என்பது தாங்கள் அறியாததா? சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடுவார்கள் என்பது?

என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவருக்காகக் காத்து நிற்பேன். தராசின் முள் ஆடி நிற்கும் முன்பே கணக்கப்பிள்ளை நிறையை வாசித்துவிடுவார். பிறகு கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. மாசி வெயிலில் செடியே கருகி நிற்கும். அப்போதும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. அம்மா வாய் திறக்கமாட்டார். சிரிப்பார். முகத்தைச் சுளித்தால் மறுநாள் செங்குத்தான மலையில் கொழுந்து எடுக்கும் நிரை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் கட்டுரையாளர் அன்று அங்கே நின்றிருந்தால் அதையும் வறுமை தொடாத புன்னகை என்றே எழுதியிருப்பார்.

இது புதிதல்ல. அதே 2021இல், கொழும்பில் வேலை செய்த வீட்டில் எரிகாயப்பட்டு மலையகச் சிறுமி ஒருத்தி இறந்தாள். எல்லாப் பத்திரிகைகளும் எழுதின, தங்களுடையதும் எழுதியது. கதையை எங்கே தொடங்கினீர்கள்? லயத்தில், தாயின் கடனில். ‘பெற்றவளுக்கு எப்படி மனம் வந்தது’ என்று கேட்ட கடிதங்களையும் பெருந்தன்மையோடு பிரசுரித்தீர்கள். தரகரைப் பற்றிச் சில வரிகள் வந்தன. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் வீடுகளைப் பற்றி? அந்த வாசல்களில்தானே காலையில் உங்கள் பத்திரிகை வந்து விழுகிறது. தாயிடம் தொடங்கிய கதையில் குற்றமும் தாயோடு நின்றுவிடும். அழைப்புமணி வைத்த வாசலில் தொடங்கியிருந்தால் பலருக்கு அன்றைய தேநீர் கசந்திருக்கும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் அப்படித்தான். அடைமழை, இயற்கையின் சீற்றம், விதி. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்ததை எத்தனை கட்டுரைகள் முதல் பத்தியில் வைத்தன?

இப்போதைய கட்டுரையில் வரலாற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், நன்றி. ‘காலப்போக்கில் பலர் இந்தியாவுக்குச் சென்றனர்.’ காலமா அனுப்பியது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். எங்கள் சித்தப்பா குடும்பத்தை இந்தியக் கப்பலுக்காகத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். காலப்போக்கில் போகிறவர்களை ஏற்றும் ரயிலுக்கு அப்படி யாராவது பெயர் வைப்பார்களா?

எங்களுக்குக் கதை சொல்லத் தெரியாமல் இல்லை. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். அந்தப் பாட்டைக் கேட்ட, எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கும் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று விளங்கியது. உங்கள் கட்டுரையாளர் கட்டாயம் பட்டதாரியாக இருப்பார்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. இனிமேல் தோட்டத்துப் படம் போடும்போது கீழே ‘கொழுந்து கொய்யும் பெண்’ என்று போடாமல், அவருடைய பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் அதைப் போடுங்கள். பக்கத்தில் அன்றைய நாட்சம்பளத்தையும் போடுங்கள். அமைச்சர் கத்தரிக்கோலோடு நிற்கும் படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பத்துப் பேரின் பெயருக்கு இடம் கிடைக்கிறதே.

லயங்களுக்கு முகவரி இல்லாததால் தபால் தோட்டக் கந்தோரிலேயே தேங்குவது பற்றிப் போன வருடம் நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டுத்தான் பிரசுரித்தீர்கள். இதையும் வெட்டுவீர்கள். வெட்டுவதானால் 1948, 1964 பகுதியை வெட்டுங்கள். அது புத்தகங்களிலாவது கிடக்கிறது. மடுவத்துத் தராசில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.