காவலுக்கு யாரை நிறுத்தினீர்கள்? ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

1954-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

போர்க்காலத்தில் பண்பாட்டுச் செல்வங்களைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்த நாடுகளின் சார்பில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்கள் பாரிசில் யுனெஸ்கோ தலைமையகத்தில் கூடுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஓர் அருங்காட்சியகத்தையோ கல்லறையையோ இடித்தவரைக் கூண்டில் ஏற்ற இன்று வழி இருக்கிறது. ஊரைக் கைப்பற்றி, துப்பாக்கியோடு நின்றுகொண்டு, காக்க முடிந்தும் காக்காமல் விட்டவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பாக்தாதில் ஈராக்கின் தேசிய அருங்காட்சியகம் கொள்ளைபோன விஷயத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படித்தான் இருக்கிறது.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் ஈராக்கியப் படையினர் அருங்காட்சியக வளாகத்துக்குள் நிலையெடுத்திருந்தார்கள். கடைசிவரை உள்ளேயே தங்கியிருந்த அதிகாரிகளும் அன்று வெளியேற வேண்டியதாயிற்று. 10-ஆம் தேதி கொள்ளை தொடங்கியது. 12-ஆம் தேதி ஊழியர்கள் திரும்பி வந்தபோதுதான் அது ஓய்ந்தது. அவர்கள் படைத் தலைமையைத் தேடிப் போய்க் காவல் கேட்டார்கள். டாங்கிகள் வாசலுக்கு வந்தது 16-ஆம் தேதி. அதே நகரத்தில் எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் மட்டும் தொடக்கத்திலிருந்தே வீரர்கள் நின்றார்கள்.

'தெரியாமல் நடந்துவிட்டது' என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெசப்பொத்தேமிய (பழங்கால ஈராக்) ஆய்வாளர் மெக்குவயர் கிப்சன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்குப் போய், எந்தெந்த இடங்களைத் தொடக்கூடாது, போர் முடிந்ததும் எங்கே கொள்ளை நடக்கும் என்று விளக்கியிருந்தார். மார்ச் கடைசியில், போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்காக அமைக்கப்பட்ட அமெரிக்க அலுவலகமே ராணுவத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பியது. உடனடியாகக் காவல் போட வேண்டிய இடங்களில் மத்திய வங்கி முதலிடம், அருங்காட்சியகம் இரண்டாமிடம். எண்ணெய் அமைச்சகம் கடைசி. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் 'இந்தக் கட்டடத்துக்கு இந்தப் படைப்பிரிவு, பொறுப்பு இந்த அதிகாரி' என்ற ஒரு வரி உத்தரவு யாருடைய கைக்கும் போய்ச் சேரவில்லை.

ஈராக்கிய ஊழியர்கள் தங்கள் பங்கை எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காட்சிப் பெட்டிகளிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்து, ஒருசிலருக்கு மட்டுமே தெரிந்த ரகசிய அறையில் வைத்துப் பூட்டினார்கள். இடத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று குர்ஆன்மேல் சத்தியம் செய்துகொண்டார்கள். பழைய அசீரிய நகரமான நிம்ருதின் அரசிகளுடைய தங்க நகைகள் முந்தைய வளைகுடாப் போரின் காலத்திலேயே மத்திய வங்கியின் நிலவறைக்குப் போய்விட்டன. 2003-இல் அந்த நிலவறையில் வெள்ளம் புகுந்து, நீரை இறைத்தெடுத்துத் திறந்து பார்த்தபோது நகைகள் பத்திரமாக இருந்தன. நகர்த்த முடியாதவற்றுக்கு மணல் மூட்டை, பஞ்சு மெத்தை. சம்பளம் ஒழுங்காக வராத ஒரு நாட்டில், குண்டு விழும் நகரத்தில் செய்த வேலை இது. இனி காவல் மட்டும்தான் பாக்கி. அது அவர்களால் செய்யக்கூடியது அல்ல, நகரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் செய்ய வேண்டியது.

கீழ்த்தளக் கிடங்கில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வந்தவர்கள் தெருவிலிருந்து திபுதிபுவென்று நுழைந்த கூட்டம் இல்லை. எந்தப் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தவர்கள். மின்சாரம் இல்லாத இருட்டில், பொருள்களைச் சுற்றி வைக்கும் நுரைப் பஞ்சைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கியிருக்கிறார்கள். அலமாரிச் சாவிகள் கைதவறி விழுந்து காணாமல் போனதால் பல அலமாரிகள் தப்பின. ஆனாலும் ஏறத்தாழ 5,000 உருளை முத்திரைகள் போய்விட்டன.

உருளை முத்திரை என்பது விரல் கணு அளவுள்ள சின்னக் கல். நடுவில் துளையிட்டு, கயிற்றில் கோத்துக் கழுத்திலோ கையிலோ அணிந்திருப்பார்கள். கல்லில் உருவங்களைத் தலைகீழாகக் குடைந்திருப்பார்கள். ஈரக் களிமண்மேல் உருட்டினால் உட்கார்ந்திருக்கும் தெய்வம், எதிரே கைகூப்பி நிற்கும் ஒருவர், சில சமயம் உரிமையாளரின் பெயர் என்று ஒரு பட்டையாகப் பதியும். கடன் பத்திரத்துக்கும் தானியக் கிடங்கின் கதவுக்கும் அந்தக் காலத்துக் கையெழுத்து அதுதான். இதே மண்ணில், ஊர் என்ற பழைய சுமேரிய நகரத்தில், சிந்துவெளி முத்திரைகளும் கிடைத்திருக்கின்றன. எங்கள் பக்கத்து வணிகர்கள் கடல் கடந்து போய்வந்ததற்கான சாட்சி அவை. அதனால் ஈராக்கின் இழப்பை அயலூர் விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. சட்டைப்பைக்குள் ஒரு பிடி முத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடலாம். அப்புறம் எங்கே தோண்டியது, எந்த அடுக்கில் கிடைத்தது என்ற விவரமெல்லாம் போய், ஏலக் கடையில் அழகான கல் ஒன்று மட்டும் மிஞ்சும்.

வார்கா ஜாடியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த அருங்காட்சியகத்தில் இருந்த சுமேரியக் கல் ஜாடி அது. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை, ஒரு மீட்டர் உயரம். அடியில் தண்ணீர், அதன்மேல் பயிர், அதன்மேல் ஆட்டு மந்தை, அதற்கும் மேலே காணிக்கைக் கூடை சுமந்து வரிசையாகப் போகும் ஆண்கள், உச்சியில் இனானா என்ற சுமேரியத் தேவியின் வாசல். நீரில் தொடங்கி தெய்வம் வரை ஒரு சமூகம் தன்னைப் பற்றி நினைத்ததையெல்லாம் ஒரே கல்லில் செதுக்கிவைத்த வேலை. அதைப் பீடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போனார்கள். 'கொண்டுவந்து கொடுத்தால் கேள்வி கேட்க மாட்டோம்' என்று அறிவித்த பிறகு, ஜூன் மாதம் மூன்று பேர் ஒரு காரின் பின்பெட்டியில் அதைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒட்டவைத்துவிட்டார்கள், சரி. ஆனால் அது வந்தது அதிர்ஷ்டத்தால். யாரும் கடமையைச் செய்ததால் வரவில்லை.

முதல் நாட்களில் 1,70,000 பொருள்கள் போய்விட்டன என்று செய்தி வந்தது. அது தவறு என்று தெரிந்ததும், சிலர் எதிர்ப்பக்கம் ஓடி, இதெல்லாம் ஊதிப் பெருக்கிய கதை என்றார்கள். பொறுமையாக எண்ணிப் பார்த்தபோது கிடைத்த கணக்கு ஏறத்தாழ 15,000. அதில் கிட்டத்தட்டப் பாதி இன்னும் திரும்பவில்லை. முதலில் சொன்ன எண் பெரிது என்பதால் இந்த எண் சிறிதாகிவிடாது. கொள்ளை நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் செய்தியாளர்களிடம், இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்ற தொனியில் பேசினார். அந்த நாட்டு அதிபரின் பண்பாட்டுச் சொத்து ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்த மார்ட்டின் சலிவன் பதவி விலகினார். பொறுப்பு என்ற சொல்லுக்கு அன்று அர்த்தம் கொடுத்தவர் அவர். இத்தனைக்கும் ஒரு சிப்பாய்க்குக்கூட உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

என்னை அதைவிட அதிகம் கலங்க வைப்பது ஏப்ரல் 14. அருங்காட்சியகம் கொள்ளைபோன செய்தி உலகம் முழுக்கப் பரவிய பிறகு, அதே நகரத்தில் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் எரிந்தன. ஓட்டோமான் காலத்துப் பதிவேடுகள் உட்பட எத்தனையோ போயின. நான் தமிழில் எழுதுகிறவன். யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் 1981-இல் எரிக்கப்பட்டதை எங்கள் மக்கள் இன்றும் தேதி சொல்லிப் பேசுகிறார்கள். சட்டம் ஒழுங்கைக் காக்க வந்தவர்கள் ஊரில் இருக்கும்போதே அது நடந்தது. ஒரு நகரத்தில் சீருடைக்காரர்கள் நிறைந்திருக்கும் இரவில் நூலகம் எரிந்தால், தீ வைத்தவர் யார் என்பதோடு விசாரணை முடியக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

அடுத்து பாபிலோன். இங்கே அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்தப் பழைய நகரத்தின்மேலேயே ராணுவ முகாம் போட்டார்கள். முதலில் அமெரிக்கப் படை, 2003 செப்டம்பரிலிருந்து போலந்து தலைமையிலான படை, 2004 இறுதிவரை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் கர்ட்டிஸ் நேரில் பார்த்து எழுதிய அறிக்கையில் இருப்பவை இவை: இஷ்தர் வாசல் சுவரில் ஒன்பது டிராகன் உருவங்கள் சேதம், கனரக வண்டிகள் ஏறி நொறுங்கிய ஊர்வலப் பாதையின் செங்கல் தளம், தொல்லியல் மண்ணில் வெட்டிய பதுங்குகுழிகள், வெளியிலிருந்து கொட்டிய சரளை, ஓட்டுச் சில்லுகளும் எலும்பும் கலந்த மண்ணை அள்ளி நிரப்பிய மணல் மூட்டைகள். அமெரிக்கா அப்போது உங்கள் உடன்படிக்கைக்குள் வரவில்லை. போலந்து 1956-இலிருந்தே உள்ளே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வார்சாவைப் பறிகொடுத்த நாடு அது. அந்த முகாமிலேயே போலந்துத் தொல்லியலாளர்கள் இருந்தார்கள், சேதங்களைப் பதிவுசெய்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முகாமை அங்கிருந்து நகர்த்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. நிபுணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன பயன்?

மனித உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பானையும் பலகையுமா முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த வாரம் பாக்தாதில் மருத்துவமனைகளும் சூறையாடப்பட்டன. அவற்றுக்கும் காவல் இல்லை. அதாவது ஒன்றைக் காக்கப் போனதால் இன்னொன்றை விட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கு இடமில்லை. 16-ஆம் தேதி வந்தவை சில டாங்கிகள்தான். அவை வந்த பிறகு யாரும் உள்ளே நுழையவில்லை. ஆறு நாள் முன்னால் அவை வந்திருந்தால் எந்த உயிர் அதிகமாகப் போயிருக்கும்?

சட்டத்தில் இடமில்லாமல் இது நடக்கவில்லை. ஆக்கிரமித்த இடத்தில் ஒழுங்கை நிலைநாட்டுவது ஆக்கிரமித்தவரின் கடமை என்பது 1907-லேயே ஹேக் விதிகளில் வந்துவிட்டது. 1943 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் இத்தாலியில் இருந்த தம் தளபதிகளுக்கு, நினைவுச் சின்னங்களை மதிக்க வேண்டும், 'ராணுவத் தேவை' என்ற பெயரில் வசதிக்காக அவற்றைத் தொடக்கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவிட்டார். அறுபது ஆண்டு கழித்து அதே ராணுவத்துக்கு அது மறந்துபோயிருந்தது. உங்கள் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, திருட்டையும் கொள்ளையையும் தடை செய்வதோடு நிற்கவில்லை. தடுக்கவும் தேவைப்பட்டால் நிறுத்தவும் வேண்டும் என்கிறது. 7-ஆம் பிரிவு, அமைதிக் காலத்திலேயே ராணுவத்துக்குள் இதற்கான ஆட்களை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மாலி நாட்டின் திம்பக்டுவில் கல்லறை மாடங்களை இடித்த வழக்கில், தீவிரவாதக் குழுவைச் சேர்ந்த அல் மஹ்திக்கு 2016-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் மண்வெட்டி எடுத்தவரோடு நீதி நின்றுவிடுகிறது. நிற்க வேண்டிய இடத்தில் காவலை நிறுத்தாத தளபதியிடம் அது இன்னும் போகவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். உங்கள் நாட்டுப் படை எந்த ஊருக்குள் நுழையத் திட்டமிட்டாலும், அருங்காட்சியகம், நூலகம், ஆவணக் காப்பகம், தொல்லியல் மேடு ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிரிவு காவல், எந்த அதிகாரி பொறுப்பு என்பது நுழையும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். காவல் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று அவர் எழுத்தில் விளக்க வேண்டும். அந்த விளக்கத்தை ராணுவத்துக்கு வெளியே உள்ள ஒரு குழு பார்க்க வேண்டும். வேண்டுமென்றே விட்டிருந்தால் அதை உள்நாட்டுச் சட்டத்தில் குற்றமாக்குங்கள். தற்காக்கும் நாட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பாக்தாத் வளாகத்துக்குள் நிலையெடுத்த ஈராக்கியப் படையினரும் உடன்படிக்கையை மீறியவர்கள்தான். அவர்கள் நாடு அதில் சேர்ந்த நாடு.

அமெரிக்கா 2009-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் நெறிமுறைகளில், அதாவது அதோடு இணைந்த கூடுதல் ஒப்பந்தங்களில், இன்னும் சேரவில்லை. பிரிட்டன் 2017-இல் எல்லாவற்றையும் ஏற்று, அடுத்த ஆண்டே ராணுவத்தில் தனிப் பிரிவு அமைத்தது. தாமதம்தான், ஆனாலும் உருப்படியான வேலை. இந்தியப் பிரதிநிதியிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாம் 1958-லேயே உடன்படிக்கைக்குள் வந்தவர்கள். ஐ.நா. அமைதிப் படைக்கு அதிகம் ஆள் அனுப்பும் நாடுகளில் ஒன்று. நம் வீரர்கள் பிறர் மண்ணில் காவல் நிற்கிறார்கள். ஆனால் தனிமனிதப் பொறுப்பைத் தெளிவாகச் சொல்லும் 1999-ஆம் ஆண்டின் இரண்டாம் நெறிமுறையில் நாம் இன்னும் சேரவில்லை. பிறர் கொண்டுபோன சிலைகளைத் திருப்பிக் கேட்கும் நாடு, இதில் பின்வாங்கி நிற்பது பொருந்தவில்லை. சேருங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்கள் யுனெஸ்கோவுக்கு அறிக்கை அனுப்புகிறீர்கள். பயிற்சி வகுப்பு நடத்தினோம், காக்க வேண்டிய பண்பாட்டு இடங்களை அடையாளம் காட்டும் நீலக் கேடயச் சின்னத்தை அறிமுகப்படுத்தினோம் என்றெல்லாம் அதில் வரும். அடுத்த அறிக்கையில் ஒரு பத்தியைக் கூட்டுங்கள்: உங்கள் ராணுவத்தில் இந்தப் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருடையது, அவருக்குக் கீழே எத்தனை பேர், காவல் போடச் சொல்லி ஒரு படைத் தளபதிக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா. பதில் 'இல்லை' என்றால் அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்