முத்துவும் சீனியும் யாழ்ப்பாணம் வரும் முன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முற்றமுள்ள வீடு அமைந்துவிட்டதென்ற வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நம் முயல்கள் முத்துவையும் சீனியையும் இனி உன்னோடு வைத்துக்கொள்ள நீ விரும்புவது நியாயம். அவை உன் மடியில் வளர்ந்தவை. ஆனால் இரவு பஸ்ஸில் வரும் உன் நண்பரிடம் இரண்டு கடதாசிப் பெட்டிகளில் தனித்தனியே கொடுத்துவிடும்படியும், வழியில் சத்தி எடுக்காதிருக்க முதல்நாள் மாலையிலேயே தீனியை நிறுத்தும்படியும் எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன்.

முயலால் சத்தி எடுக்கவே முடியாது, பிள்ளை. அதன் குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். நார் நிறைந்த புல் உள்ளே போவது நின்றால் அசைவு தளர்ந்து, வாயு சேர்ந்து, வலியால் அது மேலும் தின்ன மறுத்து, ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே வண்டியில் ஏறும் நிமிடம் வரை கினிப்புல்லும் உலர்புல்லும் முன்னால் கிடக்கும், கூடைக்குள்ளும் ஒரு பிடி இருக்கும். ஓடும் வண்டியில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து மெத்தையை நனைக்குமென்பதால், கழுவிய ஈரத்தோடு வல்லாரையைக் கொஞ்சம் வைப்பேன். வண்டி நிற்கும் இடங்களில் கிண்ணத்தில் தண்ணீர் காட்டினால் போதும்.

தனித்தனிப் பெட்டி வேண்டாமென்பதற்கு என் சொந்த அனுபவமே காரணம். சென்ற வருடம் சீனியின் பல் நீண்டு வளர்ந்தபோது, அவளை மட்டும் முச்சக்கரவண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். காலி வீதியின் ஹோர்ன் சத்தத்திலும் புகையிலும் அவள் மூலையில் ஒடுங்கி நடுங்கியது ஒருபுறமிருக்க, மருந்து மணத்தோடு வீடு திரும்பியவளை முத்து அடையாளம் காணாமல் துரத்திக் கடித்தான். இரண்டும் மறுபடி ஒட்டிப் படுக்க ஒன்பது நாட்கள் ஆயின. முயலுக்கு உறவு மணத்தால் அறியப்படுவது. பயந்த நேரத்தில் பக்கத்தில் துணையின் உடம்பு இருந்தால் அது அடங்கிப்போகும். ஒரே மணத்தோடு போய் ஒரே மணத்தோடு இறங்குவதால் சண்டையும் வராது. அன்றிலிருந்து ஒன்றுக்கு வைத்தியம் என்றாலும் இரண்டையுமே கொண்டுபோகிறேன்.

இவற்றுக்கென்று மேற்பக்கம் திறக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டும் நீட்டிப் படுக்கவும் திரும்பவும் இடமுண்டு. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது உருண்டு அடிபடும். கால் வழுக்காதிருக்க அடியில் பழைய துவாயை விரித்து, ஒரு வாரமாகக் கூடையைத் திறந்தபடியே அவற்றின் இடத்தில் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாட்கள் மோந்து பார்த்துவிட்டு விலகின. இப்போது மத்தியானத் தூக்கமே அதற்குள்தான்.

எனக்குப் பெரிய கவலை வெயில்தான். வெப்பத்தைப் பெரும்பாலும் காது வழியாக வெளியேற்றும் இந்தப் பிராணிக்கு 30 பாகை செல்சியஸே அதிகம். வன்னியின் பகல் வெயிலில் மூடிய வண்டி எப்படி இருக்குமென்று உனக்கே தெரியும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் என்பதால், ஏசி உள்ள வான் வண்டியில் நீயே வா. அதிகாலை மூன்று மணிக்கு இங்கிருந்து புறப்பட்டால் வெயில் ஏறும் முன் வவுனியாவைத் தாண்டிவிடலாம். கூடையைப் பின் ஆசனத்தில் பட்டியால் இறுக்கி, காற்றுப் போக இடம்விட்டு மெல்லிய பருத்தித் துணியால் மூடு. ஏசிக் காற்று நேரே முகத்தில் படவேண்டாம். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைப்பேன். தேநீர் குடிக்க இறங்கினாலும் ஒருவர் வண்டிக்குள் இருக்க வேண்டும், ஐந்து நிமிடமானாலும் சரி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடிந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, குளிர்ந்த ஈரத்துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் விரைந்து போ. ஐஸ் தண்ணீரில் நனைத்துவிடாதே.

தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்க உன் தோழிகள் எவரையும் விடாதே. முயலின் எலும்புகள் மெல்லியவை, பின்கால் தசையோ மிக வலியது. பிடி நழுவி உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பதைச் சிலர் சுகமென்று நினைக்கிறார்கள். அது பயத்தால் உறைந்த நிலை.

வீடு சேர்ந்ததும் முற்றத்தில் விடாதே. சத்தமில்லாத ஓர் அறையில், நான் கழுவாமல் தந்துவிடும் பழைய மெத்தைத் துணியையும் சிறிதளவு பழைய புல்லையும் விரித்து, கூடையைத் திறந்துவைத்து, அவையாகவே வெளியே வரும்வரை பார்த்திரு. இங்கே தின்னும் புல்லில் ஒரு சாக்கு வானில் ஏற்றிவிடுகிறேன். புதுத் தீனியை ஒரு வாரம் கழித்துச் சிறிது சிறிதாகக் கல. அன்றிரவு புழுக்கை எப்படியிருக்கிறதென்று பார். உருண்டையாக, வழமையான அளவில் இருந்தால் நல்லது. அரை நாள் கடந்தும் ஒன்றுமே போடாமல், தின்னாமல் குந்தியிருந்தால் விடியும்வரை காத்திராதே. எத்தனை மணியானாலும் எனக்கும் ஒரு கோல் எடு, நான் தூங்காமல்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா