"உலோகச் சோர்வு" என்று காரணம் சொன்ன உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில்

அனுப்புநர்:
ஜாப் கார்டில் உள்ள வாடிக்கையாளர்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
சைக்கிள் ஃபிரேம் பழுதுபார்ப்புப் பிரிவு,
பெருங்குடி, சென்னை.

பொருள்: வலது செயின் ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) மாற்றியதாக பில் போட்டு, மாற்றாமல் மிக் (மின்சார) வெல்டிங் அடித்துக் கொடுத்தது, 50 நாளில் உடைந்தது, வாரண்டி மறுத்தது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் வந்தது. போன வாரம்தான் ஒரு காரணம் எழுதி அனுப்பினீர்கள்: "பழைய ஸ்டீல் ஃபிரேம்களில் உலோகச் சோர்வு இயல்பு. அது வாரண்டியில் வராது."

உலோகச் சோர்வு வயதானதால் வருகிற வியாதி இல்லை. அதற்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. ஒரு கீறல், ஒரு துருக்குழி, அளவுக்கு மீறிச் சூடு பட்ட இடம், வெல்டிங் ஓரத்துப் பள்ளம் என்று ஏதோ ஒன்றில்தான் விரிசல் பிறக்கும். ஒவ்வொரு பெடல் மிதிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். அலுமினியத்துக்கு இல்லாத ஒரு நல்ல குணம் ஸ்டீலுக்கு உண்டு. இழுவலிமையில் (இழுத்தால் அறுகிற அளவில்) சுமார் பாதிக்குள் சுமை இருந்து, அரிப்பும் இல்லாவிட்டால், எத்தனை கோடி மிதி மிதித்தாலும் அது தாங்கும். ஆகவே "பழசு, அதனால் உடைந்தது" என்பது பதிலே ஆகாது. எங்கே தொடங்கியது என்று பார்த்தீர்களா? உடைந்த இடத்தை உங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

நான் பார்த்திருக்கிறேன். புகைப்படங்கள் 3, 4, 5. முறிந்த முகத்தில் கால்வாசி கறுத்து வழவழப்பாக இருக்கிறது. அதற்குள் கடற்கரை மணலில் அலை பின்வாங்கும்போது விட்டுப்போகிற மாதிரி வளைகோடுகள். மீதி பளபளப்பாக, சர்க்கரை உடைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. அது கடைசி நாளில் ஒரேயடியாகக் கிழிந்த பகுதி. அந்த வளைகோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் எல்லாமே போய்ச் சேருவது ஒரே இடத்தில்: நீங்கள் அடித்த வெல்டிங்கின் ஓரம், குழாயின் வெளிப்பக்கம்.

என் ஃபிரேமில் இருக்கும் ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "லக் ஃபிரேம் நிபுணர்கள்" (லக் – குழாய்களைச் சொருகிச் சேர்க்கும் மூட்டு உறை) என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறீர்கள். 1935-இல் வந்த நாளிலிருந்து அது பித்தளை அல்லது வெள்ளிக் கம்பியால் பிரேஸிங் (ஸ்டீலை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவது) செய்வதற்கான குழாய், வெல்டிங்குக்கு உகந்ததல்ல. பித்தளை என்றால் சுமார் 900 டிகிரி, வெள்ளி என்றால் 700-க்குள். மிக் வெல்டிங்கில் ஸ்டீலே உருகுகிறது. பக்கத்துக் குழாய் சட்டென்று ஆறிக் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. போதாததற்கு, லக்கில் ஏற்கெனவே இருக்கும் பித்தளை உருகி ஸ்டீலின் மணிகளுக்கு நடுவே இறங்கினால் அங்கேயே விரிசல் விழும். இது தெரியாமலா போர்டு மாட்டினீர்கள்?

நான் கொண்டுவந்தபோது இருந்தது பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு இருக்கும் கூடு) பின்னால், செயின் வீலுக்கு இடம்விட்டு நசுக்கிய பள்ளத்தில், 12 மி.மீ. நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல். செயின் இழுப்பு முழுவதும் வலது பக்கம்தான் விழுகிறது. பழைய ரோடு சைக்கிள்களில் அடிக்கடி போகிற இடம் அது. அதனால்தான் ஒட்டுப்போட வேண்டாம், குழாயையே மாற்றுங்கள் என்று ஜாப் கார்டில் எழுத வைத்தேன். உங்கள் பில்லும் அப்படித்தான் சொல்கிறது: செயின் ஸ்டே மாற்றம் ரூ. 6,500, அலைன்மென்ட் ரூ. 2,500, பவுடர் கோட்டிங் ரூ. 5,500. ஆக மொத்தம் ரூ. 14,500. வெல்டிங் வேலைக்கு 6 மாத வாரண்டி என்று கீழே சீல்.

உடைந்த பிறகு உள்ளே பார்த்தால் அதே பழைய குழாய்! அதே பள்ளம், அதே விரிசல். விரிசல் மேலும் ஓடாமல் தடுக்க அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டைகூடப் போடாமல் மேலே வெல்டிங். பிறகு கிரைண்டரால் மட்டமாகத் தேய்த்திருக்கிறீர்கள். வெல்டிங்கோடு சேர்ந்து குழாயும் தேய்ந்துவிட்டது. எதிர்ப்பக்கம் 0.8 மி.மீ. இருக்கிற சுவர், முறிந்த இடத்தில் 0.5. இதன்மேல் கனமாகப் பவுடர் கோட்டிங். ஸ்டீல் திடுக்கென்று உடையாது, முன்கூட்டியே பெயிண்டில் ஒரு கோடு காட்டும். அந்த எச்சரிக்கையையும் நீங்கள் மூடிவிட்டீர்கள்.

ஜூன் 14 டெலிவரி, ஆகஸ்ட் 3 முறிவு.

இனி ஆகஸ்ட் 19-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. காலை 11 மணிக்கு ஃபிரேமோடு வரச்சொன்னது உங்கள் அலுவலகம். திருவொற்றியூரிலிருந்து பெருங்குடிக்கு ஃபிரேமை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தால், டெக்னீஷியன் லீவு. மாலை 4 மணி வரை செக்யூரிட்டி அறை வாசலில் உட்கார வைத்தார்கள், குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. கடைசியில் கவுன்டரில் இருந்தவர் ஃபிரேமைச் சுற்றியிருந்த துணியைக்கூடப் பிரிக்காமல் சொன்னது, எழுத்துக்கு எழுத்து: "அம்பது வருஷத்து இரும்பு சார். காயலாங்கடையில போட்டா கிலோவுக்கு ஏதாச்சும் குடுப்பான். எண்ணூர் பக்கம்னு சொல்றீங்க, அந்த உப்புக்காத்துல எதுதான் நிக்கும்?"

உப்புக்காற்று உண்மைதான். உப்பு அரித்தால் ஸ்டீலின் அந்தத் தாங்கும் எல்லையே இல்லாமல் போகும். மழைநீர் சீட் டியூப் வழியாக இறங்கி பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்தில் அதன் அடியில் ஓட்டை வைத்து, குழாய்க்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றிக் காயவைக்கிறோம். ஆனால் உப்பு தின்றிருந்தால் விரிசல் உள்ளேயிருந்து கிளம்பியிருக்க வேண்டும். இது வெளியிலிருந்து, உங்கள் வெல்டிங் ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. உள்ளே லேசான துரு உண்டு, மறைக்கவில்லை. குழி எதுவும் இல்லை. வடசென்னையிலிருந்து வருகிறவனிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று உங்கள் ஊழியர் நினைத்திருந்தால், அதை மேலாளர் என்ற முறையில் நீங்கள்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. அதை யாரைக் கேட்டு 131-க்கு விரித்தீர்கள்? டிராப்அவுட்டிலிருந்து (பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு) ஹெட் டியூபை (முன்பக்கம் ஹேண்டில்பார் இறங்கும் குழாய்) சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு நூல் கட்டி அளந்தேன். சீட் டியூபுக்கும் நூலுக்கும் நடுவே இடதுபக்கத்தைவிட வலதுபக்கம் 4 மி.மீ. அதிகம். நெம்பும்போது பலவீனமான வலது ஸ்டே மட்டும் வளைந்திருக்கிறது. அந்தச் சுமையும் புது வெல்டிங் மேலேயே விழுந்திருக்கிறது. அலைன்மென்ட்டுக்கு ரூ. 2,500 வாங்கிய வேலை இது.

இந்த ஃபிரேமுக்கு ஈடு இனி எங்கேயும் கிடைக்காது. லட்ச ரூபாய் கொடுத்தாலும் அதன் மதிப்பு திரும்பாது. முறிந்தது செயின் ஸ்டே என்பதால் ஆள் பிழைத்தது. இதே கைவேலையை முன்சக்கரத்தைத் தாங்கும் ஒரு ஃபோர்க்கில் காட்டியிருந்தால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் என்ன நடந்திருக்கும்? வேறு எத்தனை ஃபிரேம்களில் இப்படிப் பூசி அனுப்பியிருக்கிறீர்களோ, அவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது இதுதான். வலது ஸ்டேயை வெட்டியெடுத்து, பழைய பித்தளையைச் சுத்தம் செய்து, அதே கனத்தில் புதுக் குழாய் போட்டு, கேஸ் டார்ச்சில் பிரேஸிங் செய்யுங்கள். மிக் வேண்டவே வேண்டாம். இடைவெளி 126, நூல் கட்டி அளந்தால் இரு பக்க வித்தியாசம் 1 மி.மீ.க்குள். பாட்டம் பிராக்கெட் மரையில் பவுடர் இறங்கிப் பேரிங் கப் ஏறவில்லை, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்ய வேண்டும், செயின் பக்கம் இடது மரை என்பதை மறக்க வேண்டாம். பெயிண்டுக்கு முன் வெறும் உலோகத்தில் டை பெனட்ரன்ட் சோதனை (சாயம் தடவி விரிசலைக் காட்டுவது) செய்து படம் அனுப்புங்கள். முடியாது என்றால் ரூ. 14,500-உடன் ஐந்து முறை அலைந்த செலவு ரூ. 4,200-ஐயும் திருப்பிக் கொடுங்கள்.

சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் பணிமனையில் நல்ல கைகளும் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். ஆனால் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வடசென்னை மாவட்ட ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், பெருங்குடிக்கு அலைய வேண்டியதில்லை. செய்யாத வேலைக்கு பில் போட்டதையும் அதில் சேர்ப்பேன்.

உடைந்த முகங்களுக்கு எண்ணெய் தடவி பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர் இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்கக் கூடாது; உரசினால் கோடுகள் அழிந்துவிடும். எந்த நாளும் மாலை 5 மணிக்கு மேல் வரலாம். இந்த முறை உங்கள் ஆள் திருவொற்றியூருக்கு வரட்டும்.

இணைப்பு: பில், ஜாப் கார்டு, உங்கள் மின்னஞ்சல் – நகல்கள்; புகைப்படங்கள் 7.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்