நூல் அறிமுகத்தில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வீடுகளில் சமைத்துப் பிழைக்கும் பெண்ணைப் பற்றிய காதல் நாவல் ஒன்றைச் சென்ற இதழில் அறிமுகம் செய்திருந்தீர்கள். 'ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டு வரலாம். சமையல்காரியின் வாழ்க்கையில் எழுத வேறென்ன இருக்கப்போகிறது' என்று அதில் ஒரு வரி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் 24 ஆண்டுகளாக மயிலாப்பூரில் வீட்டுச் சமையல் வேலை செய்கிறேன். முதலில் வேலை பார்த்த வீட்டின் கார் ஓட்டுநர்தான் இன்று என் கணவர். அவருக்கு வயிற்றுப்புண், காரம் ஆகாது. கூட்டில் மிளகாய் அரைத்த விழுதைச் சேர்க்கும் முன் இரண்டு கரண்டி எடுத்து, தேங்காயும் சீரகமும் மட்டும் அரைத்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் மூடி வைப்பேன். ஏழு மாதம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கிண்ணம் கழுவித் துடைத்துப் பின்வாசல் படியில் இருக்கும். ஒரு நாள் அதற்குள் ஒரு முழம் மல்லிகை இருந்தது. இது எழுதத் தகாததா?

நளன் கதை தாங்கள் அறியாததல்ல. உருமாறி அயோத்தி மன்னனிடம் வேலைக்கு நின்றவனை, அவன் சமைத்ததைத் தின்று பார்த்துத்தானே தமயந்தி அடையாளம் கண்டுகொண்டாள்? அரசன் சமைத்தால் நளபாகம் என்கிறோம். கூலிக்குச் சமைப்பவள் காதலித்தால் ரயிலில் விட்டு வரச் சொல்கிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் தீபாவளி இணைப்பில், நான் வேலை செய்த வீட்டு அம்மாளின் படத்தோடு மோர்க்குழம்புக் குறிப்பு ஒன்று வந்தது. அது என்னுடையது. 'நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள், கொதித்தால் திரிந்துவிடும்' என்பதுவரை என் வாய்ச்சொல். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழக அரசு 2007-இல் நல வாரியம் அமைத்தது. எங்களில் பலருக்கு அதில் பெயர் பதியலாம் என்பதே தெரியாது, இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று மூன்று அஞ்சலட்டை போட்டேன். அதற்கும் பதில் இல்லை. முப்பது வகைப் பொடி மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

அந்த அறிமுகத்தின் கீழே நாவலின் விலையும் பதிப்பகத்தின் முகவரியும் இல்லை. அடுத்த இதழிலாவது வெளியிடுங்கள். எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று என் மகளுக்கு.

இப்படிக்கு,
சமையல் வேலை செய்யும் வாசகி,
சென்னை - 4