கியர்பாக்ஸை இறக்கும் முன்னால்

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி காதில் விழாது உனக்கு. அதனால்தான் உட்கார்ந்து எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் கார் 50-ஐத் தாண்டினால் ஊம்ம் என்று இரைச்சல் வருகிறது, வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது, மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார் என்று சொன்னாயே, அதற்குள் சரி என்று தலையாட்டிவிடாதே சாமி. பழைய வண்டி என்றதும் பெரிய வேலையாகச் சொல்வார்கள். எனக்கும் நடந்திருக்கிறது.

அப்பா தவறிப்போன அடுத்த வருஷம். நீ ஹாஸ்டலில் இருந்தாய். அப்பாவின் மாருதி 800-ஐ எடுத்துக்கொண்டு வால்பாறையில் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், உனக்கே தெரியும். வளைவில் திருப்பும்போதெல்லாம் முன்பக்கம் டக் டக் டக் என்று சத்தம். நேர் ரோட்டுக்கு வந்தால் மூச்சே இல்லை. ஊருக்கு வந்து வண்டியை விட்டேன். மெக்கானிக் உடுமலை ரோட்டில் நேராகப் போய் நேராகத் திரும்பி வந்து, "சத்தமே இல்லீங்களே அக்கா" என்றார். நான் விடாமல் சொல்லவும் முன்பக்கம் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். பணம் போனது. அடுத்த முறை மலையேறினால் மூன்றாவது வளைவிலேயே டக் டக்.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று இல்லை, அவர் வண்டியை நான் கெடுத்துவிட்டேனோ என்றுதான்.

மறுநாள் காலை ஆளில்லாத மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நிறுத்திவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், சத்தம் இல்லை. ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடித்தேன். டக்... டக்... டக். கொஞ்சம் வேகமாகப் போனால் அதுவும் நெருங்கி வந்தது. அப்படியானால் சத்தம் இன்ஜினோடு இல்லை, சக்கரத்தோடு ஓடுகிறது. வலப்பக்கம் ஒடித்துச் சுற்றினேன், பேருக்குக்கூட இல்லை. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில்தானே இறங்கும்? இறங்கிப் போய் வலது முன்சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டேன். விரலெல்லாம் கறுப்புக் கிரீஸ், அதில் மண் நறநறவென்று. ஆக்ஸில் முனையில் கிரீஸை மூடி வைக்கிற ரப்பர் உறை, பூட் என்பார்கள், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. எஸ்டேட் பாதையில் கல் ஏதோ கிழித்திருக்க வேண்டும். கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போய், சக்கரம் திரும்பினாலும் அதைச் சுழல வைக்கிற சிவி ஜாயிண்ட் என்கிற இணைப்பு தேய்ந்து போயிருக்கிறது. அதை மாற்றினார்கள், சத்தம் அன்றோடு நின்றது.

உன் வண்டியில் வருவது டக் டக் இல்லை, இரைச்சல். எனக்கு வீல் பேரிங், அதாவது சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கிற வளையம், அதன் மேல்தான் சந்தேகம். ஆளில்லாத நேர் ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது, 60-ல் ஸ்டீரிங்கை லேசாக, ரொம்ப லேசாக இடது பக்கம் சாய்த்துப் பார். இரைச்சல் கூடினால் வலப்பக்கத்து பேரிங்காக இருக்கும். வலப்பக்கம் சாய்க்கும்போது கூடினால் இடப்பக்கத்தைப் பார். அதே 60-ல் நாலாம் கியரிலும் அஞ்சாம் கியரிலும் ஓட்டிப் பார். கியருக்குக் கியர் சத்தம் மாறினால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கலாம். மாறவே இல்லையென்றால், பேரிங்கையும் டயரையும் பார்த்து முடிக்காமல் கியர்பாக்ஸில் கை வைக்க விடாதே.

டயரும் இப்படி ஏமாற்றும். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர் பேரிங் மாதிரியே இரையும். டயரை உள்ளங்கையால் தடவிப் பார், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடச் சொல். சத்தம் பின்னால் போய்விட்டால் டயர்தான்.

சக்கரத்தைத் தூக்கினால், நியூட்ரலில் போட்டு ஒரு கையால் சுற்றிவிட்டு, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வை. பேரிங் போயிருந்தால் மாவு அரைக்கிற மாதிரி கரகரப்பு விரலுக்கு வரும். அப்புறம் சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டு, ஆட்டம் இருக்கக் கூடாது. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே. வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டை அடியில் கொடு, மற்ற சக்கரங்கள் உருளாமல் கல் வை. தனியாகச் செய்யாதே, பக்கத்தில் யாரையாவது நிற்க வைத்துக்கொள். இது என்னவென்று தெரிகிற வரைக்கும் ஹைவே பக்கம் போகவே வேண்டாம். பேரிங் ரொம்பத் தேய்ந்தால் சக்கரத்துக்கே ஆபத்து.

மெக்கானிக்கிடம் கோபமாகப் பேசாதே. அவரை உன்னோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு, சத்தம் வருகிற இடத்தில் நீயே ஓட்டிக் காட்டு. நான் அன்றைக்கு அவரை மலைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும்.

எந்த வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம் சாய்த்தால் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வை. நண்பனை ஓட்டச் சொல்லி, நீ பின்சீட்டில் உட்கார்ந்து போனில் ரெக்கார்டு பண்ணி அனுப்பு. புதன்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மா