பிளேட்லெட் அறிக்கையில் குளறுபடி: மறுபரிசோதனையும் இழப்பீடும் கோரிப் புகார்

அனுப்புநர்:
நோயாளியின் மனைவி,
எர்ணாவூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
ரத்தப் பரிசோதனை ஆய்வக நிறுவனம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சேகரிப்பு மையத்தில் என் கணவர் கொடுத்த ரத்தத்துக்கு, நம்பத்தகுந்த பிளேட்லெட் எண்ணிக்கை இன்றுவரை எங்கள் கைக்கு வரவில்லை. தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

அவருக்கு வயது 54. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று; அதற்கு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். கல்லீரலில் தழும்பு ஏறுகிறதா என்று, வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து மருத்துவர் ஃபிப்-4 என்ற கணக்குப் போட்டுப் பார்ப்பார். 'கல்லீரல் தொகுப்பு' என்று விற்கும் உங்களுக்கு அந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற முறை பிளேட்லெட் 1,80,000, விடை 2. இம்முறை ஏ.எஸ்.டி. அதே 40, ஏ.எல்.டி. அதே 36, பிளேட்லெட் மட்டும் 60,000; விடை 6. 3.25-ஐத் தாண்டினாலே தழும்பு முற்றியிருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க எண்டோஸ்கோபிக்குத் தேதியும் வாங்கிவிட்டோம்.

தழும்பு முற்றிப் பிளேட்லெட் இவ்வளவு குறைந்தால் மண்ணீரலும் வீங்கியிருப்பது வழக்கமாம். ஸ்கேனில் மண்ணீரல் வீங்கவில்லை என்று வந்ததும் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியது. அறிக்கையின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: 'பிளேட்லெட் திரள்கள் காணப்படுகின்றன.' ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்க்கும் இ.டி.டி.ஏ. சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும், இயந்திரம் குறைவாக எண்ணிவிடும் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரிந்துதானே அப்படி அச்சடித்தார்கள்? தெரிந்தும் 60,000-ஐ எதற்குத் தடித்த எழுத்தில் போட்டீர்கள்?

இ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் என்ற வேறு உறைதடுப்பான் உள்ள குழாயில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ரத்தப்பூச்சு போட்டு நுண்ணோக்கியிலும் பார்த்துத் தரும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் வெந்து, மின்ட் பக்கம் உள்ள உங்கள் பெரிய ஆய்வகத்துக்கே போனோம். சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். வந்த அறிக்கையில் என்ன இருந்தது? ரத்தம் உறையும் நேரம்! நீல மூடி என்றால் அந்தப் பரிசோதனைதான் என்று யாரோ தானாகவே முடிவு செய்திருக்கிறார். சீட்டைப் படிக்கவில்லை. அதற்கும் காசு வாங்கினீர்கள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய இளைஞரை மட்டும் என்னால் மறக்க முடியாது. "பிளேட்லெட் குறைந்தால் டெங்குவாக இருக்கும் அம்மா, பப்பாளி இலைச் சாறு கொடுங்கள்" என்றார். ஹெபடைட்டிஸ் என்றேன். "எல்லாம் ஒன்றுதான், எங்கள் இயந்திரம் தப்பாகக் காட்டாது" என்று சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இவரையா பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறீர்கள்? காசிமேட்டில் மீன் விற்பவர்கூட வாங்க வந்தவரிடம் இதைவிட மரியாதையாகப் பேசுவார்.

தயவுசெய்து வீட்டுக்கே ஆள் அனுப்பி, சிட்ரேட் குழாயில் ரத்தம் எடுத்து, சிட்ரேட் திரவத்தால் ரத்தம் நீர்த்ததை ஈடுகட்ட 1.1-ஆல் பெருக்கிய பிளேட்லெட் எண்ணிக்கையை நோயியல் மருத்துவரின் கையெழுத்துடன் தாருங்கள். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். என் கணவர் வேலைக்குப் போகாத நாட்களையும் எங்கள் மன உளைச்சலையும் கணக்கிட்டால் ஐந்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

ஒரு வாரம் பொறுப்பேன். பிறகு வடசென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனு போடுவேன். உங்களுக்கு அங்கீகாரம் தந்த அமைப்புக்கும் இரண்டு அறிக்கைகளின் நகலை அனுப்புவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எண்டோஸ்கோபி தேதி நெருங்குகிறது. அதற்குள் எண் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு அறிக்கைகள், மருத்துவர் சீட்டு, ரசீதுகள்.